கேள்வி – பதில்: கடற்பூங்காவில் நமக்கு இடம் இருக்கிறதா?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுழியோடல் பற்றியவை. அதிலும் லிவ்அபோர்ட் பற்றித்தான் அதிகம். படகிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டுத் தூங்கி, நாளுக்கு மூன்று நான்கு தடவை கடலுக்குள் இறங்கும் பயணத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட கடற்பூங்காக்கள் பல இப்போது ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதால் எல்லோருக்கும் குழப்பம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: நானும் மனைவியும் ஒக்டோபர் கடைசியில் தாய்லாந்தின் சிமிலன் தீவுகளுக்கு நான்கு நாள் லிவ்அபோர்ட் பயணம் போக இருக்கிறோம். "பூங்காவில் ஆள் வரம்பு இருக்கிறது, இன்றே முழுப் பணமும் கட்டினால்தான் இடம்" என்று முகவர் நெருக்குகிறார். உண்மையா, வியாபாரப் பேச்சா?
– வாசகர், வெள்ளவத்தை

வரம்பு உண்மை. ஆனால் இன்றே முழுப் பணமும் கட்டவேண்டும் என்பதற்கு அது காரணம் ஆகாது.

சிமிலன் பூங்கா வருடாவருடம் மே நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரை மூடியிருக்கும், ஒக்டோபர் 15-ல் திறப்பார்கள். 2018-ல் திறந்தபோது நாளுக்கு 3,325 சுற்றுலாப் பயணிகள், 525 சுழியோடிகள் என்று வரம்பு வைத்தார்கள், தீவில் இரவு தங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் கூடாரம் போட்டுத் தங்கலாம். இப்போது காலையில் காவோ லாக் பக்கத்திலிருந்து வேகப்படகில் போகிறவர்கள் மாலையில் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். விடியற்காலையில், பகல் படகுகள் வந்து சேருமுன் அந்தத் தண்ணீரில் இறங்க ஆசைப்படுகிறவருக்கு லிவ்அபோர்ட்டை விட்டால் வேறு வழி இல்லை. அதனால்தான் அந்தப் படகுகளுக்கு இவ்வளவு கிராக்கி.

அதே நேரம் ஒக்டோபர் கடைசி என்பது பருவத்தின் தொடக்கம். நத்தார், புதுவருடம், சீனப் புத்தாண்டு வாரங்களில் இருக்கும் நெருக்கடி அப்போது இருக்காது. ஆகவே முகவரிடம் நிதானமாகக் கேளுங்கள். பூங்கா அனுமதி உங்கள் இருவர் பெயரிலும் பதிவாகிவிட்டதா, இல்லை படகில் கட்டில் மட்டும்தான் ஒதுக்கியிருக்கிறாரா? இரண்டும் வேறு வேறு. அனுமதி கிடைக்காவிட்டால், அல்லது காலநிலையால் பூங்காவை மூடிவிட்டால், பணம் திரும்பி வருமா, எவ்வளவு நாளில் வரும்? பதிலை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள், எழுதித் தரத் தயங்குகிறவரிடம் முற்பணம்கூடக் கட்டவேண்டாம். விமான டிக்கெட்டைக் கடைசியாக எடுங்கள். மலிவாகக் கிடைத்தது என்று கொழும்பிலிருந்து டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு படகில் இடம் தேடுகிறவர்கள்தான் இந்த வரம்பில் அதிகம் மாட்டுகிறார்கள்.

இன்னொன்று. படகுக்காரர் சொல்லும் விலையில் பூங்காக் கட்டணம் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டவருக்கு 500 பாத் நுழைவு, சுழியோடுகிறவருக்கு அதற்கு மேல் நாளுக்கு 200 பாத் என்பது நீண்ட காலமாக இருந்துவரும் கணக்கு, இதைப் பல படகுகள் ஏறிய பிறகு காசாகத்தான் வாங்குகின்றன. வெயிலுக்குப் பூசும் கிரீமையும் பார்த்து வாங்குங்கள். ஒக்ஸிபென்சோன், ஒக்டினொக்சேட் உட்பட முருகைக்கல்லுக்குக் கேடான நான்கு இரசாயனங்கள் கலந்த கிரீம்களைத் தாய்லாந்து 2021-லிருந்து கடற்பூங்காக்களில் தடை செய்திருக்கிறது, தண்டப்பணம் ஒரு இலட்சம் பாத் வரை போகலாம். முழுக்கைச் சட்டை போட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை.

கேள்வி: கடல் எவ்வளவு பெரியது! நூறு பேர் உள்ளே போய் மீன் பார்த்துவிட்டு வருவதால் என்ன அழிந்துவிடும்? மீன் பிடிக்கிறவனை விட்டுவிட்டு மீன் பார்க்கிறவனைக் கட்டுப்படுத்துவதில் என்ன நியாயம்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

கடல் பெரியதுதான் ஐயா. ஆனால் சுழியோடிகள் எல்லோரும் போவது ஒரு சில பாறைகளுக்கே. முழுக் கடலுக்கும் கணக்குப் பார்க்காமல் அந்த ஒரு பாறைக்குப் பாருங்கள்.

எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கிலும் கரீபியனில் போனேர் தீவிலும் 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தார்கள். ஒரு இடத்தில் வருடத்துக்குச் சுமார் 5,000, 6,000 சுழியோடல்களைத் தாண்டினால் உடைந்த முருகைக்கல் சட்டென்று கூடுகிறது என்று கண்டார்கள். கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். இப்படிப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிவ்அபோர்ட்டில் 20 பேர், நல்ல இடம் என்பதால் ஒரே இடத்தில் ஒரு நாளில் மூன்று தடவை இறங்குகிறார்கள், அப்படியானால் 60 சுழியோடல். அப்படி வருடத்தில் 100 நாள் ஒரு படகு வந்தால் 6,000 முடிந்துவிட்டது. ஒரே ஒரு படகு! சிமிலனுக்கு வடக்கேயுள்ள ரிச்சலியூ பாறை மாதிரி இடங்களில் ஒரே காலையில் பல படகுகள் சுற்றி நிற்கும்.

முருகைக்கல் ஓர் உயிர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம், கல் என்ற பெயர் வேறு. கிளை கிளையாக வளரும் வகைகள் வருடத்துக்குச் சில அங்குலம் வளரும், பாறை மாதிரித் திரண்டு வளரும் வகைகள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே பெரிய விஷயம். துடுப்புக்காலால் ஒரு தட்டு, நங்கூரத்தை ஒரு இழுப்பு, உங்கள் தாத்தா காலத்திலிருந்து வளர்ந்தது போய்விடும்.

மீன்பிடியைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. உண்மையில் நல்ல பூங்காக்களில் முதலில் தடை விழுவது மீன்பிடிக்குத்தான், அதன் பிறகுதான் பார்க்க வருகிறவருக்கு. பிலிப்பைன்ஸின் துப்பதாஹாவில் மீன்பிடி அறவே கிடையாது. சூலூ கடலின் நடுவில், பலாவான் தீவின் புவேர்ட்டோ பிரின்செசாவிலிருந்து 150 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது அது. லிவ்அபோர்ட்டில் மட்டுமே போகமுடியும், அதுவும் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மட்டும். மற்ற மாதங்களில் கடற்காவலர்கள் மட்டும் அங்கே இருப்பார்கள். அங்கே காற்றும் அலையும் போடும் வரம்பு ஒன்று, சட்டம் போடும் வரம்பு இன்னொன்று.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரம்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் "பேர்மிட்" என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கதைக்கிறார்கள். சிமிலனில் நாளுக்கு இத்தனை தலை என்று எண்ணுகிறார்கள். மலேசியாவின் சிபடானில் 2004 முடிவில் தீவிலிருந்த விடுதிகள் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு நாளுக்கு 120 அனுமதி என்று வைத்தார்கள், பிறகு அந்த எண்ணைக் கூட்டினார்கள். அங்கே அனுமதி நிறுவனங்களுக்குப் பங்கிடப்படும், எந்த நாளில் உங்கள் முறை வரும் என்பதை நிறுவனம்தான் சொல்லும். எக்குவடோர் நாட்டின் கலாபகோஸ் தீவுகளில் படகுகளின் எண்ணிக்கையையே கட்டுப்படுத்தி, ஒரு படகு இரண்டு வாரத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பி வராதபடி பயணப்பாதையையும் அரசே வகுத்துக் கொடுக்கிறது. எனக்குக் கலாபகோஸ் முறைதான் பிடித்திருக்கிறது. தலையை மட்டும் எண்ணினால் எல்லாத் தலையும் ஒரே பாறைக்குப் போய் நிற்கும். பாதையை வகுத்தால்தான் பாறைக்கு ஓய்வு.

அப்புறம், எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. கரீபியனில் செயின்ட் லூசியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளிவந்தது. இறங்குமுன் "தொடாதீர்கள்" என்று ஒரு வரி சொல்வதால் எந்த மாற்றமும் வரவில்லை. தண்ணீருக்குள் வழிகாட்டி கூடவே இருந்து, தொடப்போகிறவரைத் தடுத்தபோதுதான் முருகைக்கல்லில் படுவது வெகுவாகக் குறைந்தது. கமரா வைத்திருப்பவர்கள் அதிகம் தொட்டார்கள். படகைத் தெரிவு செய்யும்போது ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கு என்றால் நல்லது, எட்டு என்றால் வேறு படகைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலே, வெப்பம் இருக்கிறது. உலகளாவிய நான்காவது முருகைக்கல் வெளிறல், அதாவது கடல் சூடேறி முருகைக்கல் நிறமிழந்து வெள்ளையாவது, நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். எந்த ஆள் வரம்பும் தண்ணீரைக் குளிர்விக்காது. ஆனால் காய்ச்சலில் கிடக்கிற உடம்பில் புதுக் காயம் ஏற்படுத்தாமல் இருப்பது நம் கையில்தானே இருக்கிறது.

கேள்வி: மாலைதீவுக்கு லிவ்அபோர்ட்டில் போனால் ஹனிஃபாரு குடாவில் மந்தாத் திருக்கைகளோடு சுழியோடலாமா?
– மாணவி, பம்பலப்பிட்டி

சுழியோட முடியாது தங்கச்சி, மேலே மிதந்து பார்க்கலாம். பா அற்றோலில் இருக்கும் ஹனிஃபாரு 2009-லிருந்து பாதுகாக்கப்பட்ட இடம், சிலிண்டரோடு இறங்குவதற்குத் தடை. ஒரே நேரத்தில் 80 பேர், ஒருவருக்கு 45 நிமிடம் என்று விதி. மே முதல் நவம்பர் வரை மந்தாக்கள் வரும் காலம். தண்ணீருக்குள்ளிருந்துதான் பார்க்கவேண்டும் என்றால் மாலைதீவில் வேறு இடங்கள் இருக்கின்றன, ஆனால் குமிழி விடாமல் மேலே மிதக்கிறவர்களுக்குப் பக்கத்தில்தான் மந்தாக்கள் அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டே வரும். செலவுக் கணக்கில் பசுமை வரியை மறக்கவேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து லிவ்அபோர்ட்டில் தங்குகிறவருக்கும் அது இரவுக்கு 12 டொலர், முன்பு 6.

கேள்வி: மகன் நண்பர்களோடு செங்கடலுக்கு ஒரு வார லிவ்அபோர்ட் பயணம் போகப்போகிறானாம். சுழியோடுவதை விட, இரவில் கடல் நடுவில் படகில் தூங்குவதுதான் எனக்குப் பயம். தடுக்கவேண்டுமா?
– ஒரு தாய், தெஹிவளை

அம்மா, உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. தடுக்கச் சொல்லமாட்டேன், ஆனால் கேள்வி கேட்க வையுங்கள்.

2019 செப்டெம்பர் 2 அதிகாலையில் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற படகு தீப்பற்றியது. கீழ்த்தட்டில் தூங்கியவர்களில் ஒருவரும் தப்பவில்லை, 34 பேர் இறந்தார்கள். இரவுக் காவலுக்கு ஒருவரும் விழித்திருக்கவில்லை. கீழிருந்து வெளியேற இருந்த இரண்டு வழிகளும் தீப்பிடித்த அதே அறைக்குள்தான் போய் முடிந்தன. 2024 நவம்பர் 25-ல் எகிப்தின் மார்சா ஆலம் பக்கத்தில் சீ ஸ்டோரி என்ற படகு அதிகாலையில் கவிழ்ந்து மூழ்கியது, 11 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். கடல் கொந்தளிப்பு என்று முன்கூட்டியே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது.

ஆகவே மகன் படகுக்காரரிடம் கேட்கவேண்டியது: இரவு முழுக்க விழித்திருந்து சுற்றிப் பார்க்க ஆள் உண்டா? தூங்கும் அறையிலிருந்து இரண்டு வெவ்வேறு பக்கம் வெளியேற வழி உண்டா? கமரா, டோர்ச் பற்றரிகளை எங்கே சார்ஜ் செய்கிறார்கள், இரவில் அதை யார் பார்க்கிறார்கள்? முதல் நாளிலேயே உயிர்காப்பு அங்கியை மாட்டி, வெளியேறும் வழியில் நடத்திக் காட்டுகிறார்களா? படகில் ஏறியதும் மகன் தானே அந்த வழியை ஒரு தடவை இருட்டில் நடந்து பார்க்கட்டும்.

ஆள் வரம்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. அனுமதி குறிப்பிட்ட திகதிக்குத்தான் என்றால், அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது என்றால், மோசமான காலநிலையிலும் புறப்பட்டுவிடும் ஆசை படகுக்காரருக்கும் வரும், பணம் கட்டிய பயணிக்கும் வரும். காலநிலையால் தள்ளிப்போனால் அனுமதியை வேறு திகதிக்கு மாற்றித் தரும் விதி இருந்தால் இந்த ஆபத்தில் பாதி குறையும். பூங்காக்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும் என்று நினைக்கிறேன்.

மகனுக்கு எத்தனை சுழியோடல் அனுபவம் என்றும் கேளுங்கள். எகிப்தின் பிரதர்ஸ், டெடலஸ் போன்ற கடற்பூங்காக்களுக்குக் குறைந்தது 50 சுழியோடல் பதிவு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வடக்குப் பக்கத்துப் பயணம் ஒன்றைப் பார்க்கட்டும். சுழியோடிகளுக்கான காப்புறுதியை எடுத்த பிறகுதான் விமானம் ஏறவேண்டும், சாதாரணப் பயணக் காப்புறுதியில் இது பெரும்பாலும் அடங்காது.

கேள்வி: நான் நிலாவெளியில் பிறந்தவன், இப்போது கொழும்பில் வேலை. எங்கள் புறாமலைத் தீவுக்குப் பருவ காலத்தில் போனால் தண்ணீரில் மீனை விட மனிதக் கால்கள்தான் அதிகம். இங்கேயும் சிமிலன் மாதிரி வரம்பு கொண்டுவரவேண்டும் என்று சொன்னால், "அப்படியானால் டொலர் உள்ளவனுக்கு மட்டும்தான் கடலா, படகோட்டிகள் என்ன செய்வார்கள்?" என்று ஊரில் சண்டைக்கு வருகிறார்கள். யார் பக்கம் நியாயம்?
– வாசகர், கொழும்பு 6

இந்தக் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். தம்பி, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டும் வெவ்வேறு கேள்விகள். எத்தனை பேர் போகலாம் என்பது ஒன்று. அந்த எத்தனை பேரில் யாருக்கு இடம், அந்தக் காசு யாருக்கு என்பது மற்றது. முதல் கேள்விக்கு விடை சொல்வது முருகைக்கல். இரண்டாவதுக்கு விடை சொல்லவேண்டியவர்கள் நாம். சண்டை எல்லாம் இரண்டாவதில்தான்.

புறாமலை 1963-லிருந்து சரணாலயம், 2003-லிருந்து தேசிய பூங்கா. 1998-ல் கடல் சூடேறி ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் முருகைக்கல் வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அதாவது நாட்டில் மிஞ்சிய நல்ல முருகைக்கற்களில் அதுவும் ஒன்று, 2009-ல் யுத்தம் முடிந்த பிறகு அங்கேதான் கூட்டமும் குவிந்தது. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். நீந்தத் தெரியாதவர்கள்கூட வந்து, தண்ணீர் வற்றிய நேரத்தில் முருகைக்கல்லின் மேலேயே எழுந்து நிற்கிறார்கள். ஆழ்கடலில் லிவ்அபோர்ட்காரர் துடுப்பால் தட்டுவதை விட இது மோசம். வரம்பு கட்டாயம் வேண்டும். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

ஆனால் வரம்பை எப்படிக் கொண்டுவரக்கூடாது என்று கொமோடோவைப் பாருங்கள். இந்தோனேசிய அரசு 2022-ல் கொமோடோ, பாடார் தீவுகளுக்கு நுழைவுக் கட்டணத்தை ஒரேயடியாக 37.5 இலட்சம் ரூபியாவாக, ஏறக்குறைய 250 டொலராக, உயர்த்தப்போவதாகச் சொன்னது. ஆளைக் குறைக்கத்தான் என்றார்கள். அங்கே போகும் படகுகள் புறப்படும் லபுவான் பாஜோ ஊரில் படகுக்காரரும் வழிகாட்டிகளும் ஓகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு தள்ளிவைத்தது, பிறகு கைவிட்டது. விலையை ஏற்றி ஆளைக் குறைத்தால் முதலில் வெளியே நிற்பவர் உள்நாட்டு ஏழை. டொலர் 200 ரூபாவிலிருந்து 300-ஐத் தாண்டியதைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கலாபகோஸ் 2024 ஓகஸ்டில் நுழைவுக் கட்டணத்தை 100 டொலரிலிருந்து 200 ஆக்கியது, ஆனால் முழுத் தொகை வெளிநாட்டுப் பயணிக்குத்தான், சொந்த நாட்டவருக்கு மிகக் குறைவு. அப்படித்தான் இருக்கவேண்டும்.

துப்பதாஹாவில் இன்னும் ஒரு படி போயிருக்கிறார்கள். அந்த முருகைக்கல் காகயான்சில்லோ என்ற சிறு தீவு நகராட்சியின் எல்லைக்குள் வருகிறது, ஒரு காலத்தில் அந்தத் தீவு மக்கள் மீன் பிடித்த இடம். இப்போது சுழியோடிகள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த நகராட்சிக்குப் போகிறது, காவல் பணியிலும் அந்த ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். இழந்தவனுக்குப் பங்கு கிடைத்தால்தான் அவனே காவல்காரன் ஆவான்.

புறாமலைக்கு என் யோசனை இது. நாள் கணக்கு வேண்டாம், மணிக்கணக்கில் வரம்பு வையுங்கள், ஏனென்றால் நெருக்கடி காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைதான். படகுகளுக்கு முறை வைத்து டோக்கன் கொடுங்கள், அதைப் படகோட்டிகள் சங்கமே நடத்தட்டும், வனசீவராசிகள் திணைக்களம் மேற்பார்வை செய்யட்டும். ஒரு நாளில் ஐந்து தடவை ஓடி மலிவு விலைக்குப் போட்டி போடுவதை விட, மூன்று தடவை நியாயமான விலைக்கு ஓடினால் படகோட்டிக்கு எரிபொருள் மிச்சம். தண்ணீர் வற்றும் நேரங்களில் ஆழம் குறைந்த பக்கத்தைக் கயிறு கட்டி மூடுங்கள். மிதவை அங்கி இல்லாமல் ஒருவரையும் இறக்கவேண்டாம், மிதக்கிறவன் நிற்கத் தேவையில்லை. ஒவ்வொரு படகோடும் தண்ணீருக்குள் இறங்க ஊர்ப் பிள்ளை ஒருவர், சம்பளத்தோடு. கட்டணத்தில் ஒரு பங்கு நிலாவெளி, குச்சவெளிக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு காலை முழுவதையும் ஒதுக்கி இலவசமாக விடுங்கள். அந்தக் கரையில் வளரும் பிள்ளை தன் ஊர் முருகைக்கல்லைப் பார்க்காமல் இருப்பது எனக்குத் தாங்காது.

ஊரில் சண்டைக்கு வருகிறவர்களிடம் எண்ணிக்கையைப் பற்றிக் கதைக்காதீர்கள். பங்கைப் பற்றிக் கதைத்துத் தொடங்குங்கள். எண்ணிக்கைக்கு அவர்களே வருவார்கள், முருகைக்கல் செத்தால் முதலில் தொழில் போவது தங்களுக்குத்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: எனக்கு நீந்தத் தெரியும், சுழியோடத் தெரியாது. நேராக லிவ்அபோர்ட்டில் போய்ப் படித்துக்கொள்ளலாமா?
– வாசகர், மட்டக்குளி

சில படகுகளில் கற்றுத் தருகிறார்கள், ஆனால் வேண்டாம். வரம்புள்ள பூங்காவில் உங்களுக்குக் கிடைத்த ஓர் இடத்தை முகக்கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றப் பழகுவதில் செலவழிப்பீர்கள், மிதப்பைச் சமப்படுத்தத் தெரியாமல் முருகைக்கல்லில்தான் இடிப்பீர்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை உனவட்டுன, ஹிக்கடுவை, நீர்கொழும்பு. மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை. இங்கேயே படித்து, இங்கேயே இருபது முப்பது தடவை இறங்கிப் பழகுங்கள்.

கேள்வி: ஏப்ரல் புதுவருட விடுமுறையில் மட்டும்தான் எனக்கு லீவு. அந்த நேரத்தில் எந்தப் பூங்கா திறந்திருக்கும்?
– வங்கி ஊழியர், கோட்டை

நல்ல மாதம்தான். சிமிலன் மே நடுவரை திறந்திருக்கும், ஆனால் 13-ஆம் திகதி தாய்லாந்துக்கும் சொங்க்ரான் புதுவருடம் என்பதால் அந்த வாரம் உள்ளூர்க் கூட்டம் அதிகம். துப்பதாஹாவும் திறந்திருக்கும், கடலும் அமைதி, ஆனால் முழுப் பருவமே மூன்று மாதம் என்பதால் இடங்கள் வெகு முன்கூட்டியே நிரம்பிவிடும். அடுத்த ஏப்ரலுக்கு என்றால் இப்போதே எழுதிக் கேளுங்கள், இந்த ஏப்ரலுக்கு என்றால் யாராவது கடைசி நேரத்தில் விலகினால் கூப்பிடச் சொல்லி இரண்டு மூன்று படகுகளில் பெயர் கொடுத்துவையுங்கள். ஹனிஃபாருவுக்கு ஏப்ரல் சரிவராது, மந்தாக்களின் காலம் தொடங்கியிருக்காது.